சிப்பியைப் பார்த்து மணலைச் சொல்வது: சேலத்திலிருந்து கடல் மட்டியை அறிய ஒரு முழு வழிகாட்டி

வேளாங்கண்ணி, ராமேஸ்வரம், திருச்செந்தூர் என்று எங்கே போய் வந்தாலும் சேலத்து வீடுகளில் ஒரு பிளாஸ்டிக் கவர் நிறையச் சிப்பி வந்து சேர்ந்துவிடும். பிள்ளைகள் பொறுக்கியது. இரண்டு நாள் விளையாட்டு, அப்புறம் ஷோகேஸின் கீழ்த்தட்டில் தூசி. அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிறு காலைகளில் தெருப்பிள்ளைகளை உட்கார வைத்து இந்தக் கவர்களைத்தான் பிரித்துப் பார்க்கிறோம். பல வருடமாக இது நடக்கிறது. கடல் நமக்கு 200 கிலோமீட்டர் போலத் தள்ளி இருக்கிறது. உயிருள்ள மட்டியை ஒரு முறைகூடப் பார்த்திராத ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, ஒரு சிப்பியை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துவிட்டு, "இது மேலாகவே இருந்திருக்கு சார், ஆழமா போகல" என்று சரியாகச் சொன்னாள். எதைப் பார்த்துச் சொன்னாள் என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில் பெயர். கடற்கரைக்குக் கடற்கரை மட்டி, சிப்பி, கிளிஞ்சல் என்று மாறும். நம் ஊரில் எல்லாமே சிப்பிதான். இங்கே குழப்பம் வராமல் இருக்க, மணலுக்குள் வாழும் உயிரை மட்டி என்றும், உயிர் போன பின் மிஞ்சும் ஓடுகளைச் சிப்பி என்றும் சொல்கிறேன். இரண்டு ஓடு, அவற்றை முதுகில் சேர்க்கும் ஒரு கீல், உள்ளே எலும்பில்லாத மெல்லிய உடல். தலை கிடையாது, பல் கிடையாது. ஆனால் வாய் உண்டு, இதயம் உண்டு, மணலைத் தோண்டும் வலுவான ஒற்றைக் கால் உண்டு.

வேண்டிய பொருள்கள் எல்லாம் வீட்டில் இருப்பவைதான்: ஒரு தாம்பாளம், பழைய டூத்பிரஷ், லென்ஸ், பென்சில், செல்போன் டார்ச், ஒரு வாளி, இரண்டு படி மணல்.

முதல் படி: கவரைக் கொட்டிப் பிரியுங்கள்

தாம்பாளத்தில் கொட்டுங்கள். முறுக்கிக்கொண்டு போகும் ஒற்றை ஓடு எல்லாம் (சங்கு, சோழி, நத்தை வகை) ஒரு பக்கம். அவை நமக்கு இப்போது வேண்டாம், ஒன்றைத் தவிர. அதற்குக் கடைசியில் வருகிறேன். கிண்ணம் போல இருப்பவை இன்னொரு பக்கம். கிண்ணங்களில் சில சொரசொரப்பாக, கோணல்மாணலாக, ஒரு பக்கம் எதிலோ ஒட்டியிருந்த அடையாளத்தோடு இருக்கும். அவை பாறையிலோ கட்டையிலோ ஒட்டி வாழ்ந்தவை. அவற்றையும் ஒதுக்குங்கள். மிச்சம் இருப்பவை, இடதும் வலதும் ஒத்துப்போகிற, வடிவம் சீரான சிப்பிகள். பெரும்பாலும் இவைதான் மணலிலும் சேற்றிலும் புதைந்து வாழ்ந்தவை.

கடையில் வாங்கிய, பாலிஷ் போட்ட, வார்னிஷ் அடித்த சிப்பிகளை எடுத்து வைத்துவிடுங்கள். பார்க்க அழகு, படிக்க ஒன்றும் மிஞ்சியிருக்காது.

நம் பக்கத்துக் கவர்களில் அடிக்கடி ஏரிச் சிப்பியும் கலந்துவிடும். எங்கள் பாட்டி பால் சட்டியின் அடியைச் சுரண்ட ஒன்று வைத்திருந்தார். அது எங்கள் வீட்டுக் கடல் சிப்பிகளோடு சேர்ந்தே கிடந்தது. பிரிப்பது எளிது. ஏரிச் சிப்பியின் உள்பக்கம் முத்துப் போல, வானவில் நிறம் தட்டிப் பளபளக்கும். மேலே கரும்பழுப்புத் தோல் இருக்கும், உச்சியில் அந்தத் தோல் அரித்துப்போய் வெள்ளையாகத் தெரியும். நாம் பார்க்கப்போகும் கடல் மட்டிகளின் உள்பக்கம் பீங்கான் கோப்பை மாதிரி இருக்கும். வழவழப்பு உண்டு, வானவில் கிடையாது.

இரண்டாம் படி: சரியாகப் பிடியுங்கள்

இதைத் தாண்டினால்தான் மற்றதெல்லாம் புரியும், அதனால் அவசரம் வேண்டாம். ஒவ்வோர் ஓட்டிலும் ஒரு மேடு, கூம்பிய முனையோடு இருக்கும். அதுதான் உச்சி. மட்டி குஞ்சாக இருந்தபோது இருந்த ஓடு அதுதான். மிச்சமெல்லாம் அதைச் சுற்றி விளிம்பு விளிம்பாக வளர்ந்தது. உச்சியை மேலே வைத்துப் பிடித்தால் மேல்பக்கம் முதுகு, கீழே வளைந்த விளிம்பு வயிறு.

முன்பக்கம் எது, பின்பக்கம் எது? உச்சியை ஒட்டிப் பழுப்பாக, ரப்பர் மாதிரி ஒரு பட்டை சில சிப்பிகளில் இன்னும் ஒட்டியிருக்கும். அது கீலின் தசைநார். உயிரோடு இருக்கும்போது ஓடுகளைத் திறக்க முயன்றுகொண்டே இருப்பது அது. மூடுவதுதான் உள்ளே இருக்கும் தசைகளின் வேலை. அதனால்தான் செத்த மட்டி வாய் பிளந்து கிடக்கிறது. இந்தப் பட்டை உச்சிக்குப் பின்னால் இருக்கும். பட்டை உதிர்ந்துபோயிருந்தால் அது இருந்த பள்ளம் தெரியும். பெரும்பாலான மட்டிகளில் உச்சியின் முனை முன்பக்கம் பார்த்து லேசாக வளைந்திருக்கும்.

முன்பக்கம் உங்களைவிட்டுத் தள்ளியும் உச்சி மேலேயும் இருக்கும்படி பிடித்தால், இடப்பக்கம் வருவது இட ஓடு, வலப்பக்கம் வருவது வல ஓடு. ஒற்றை ஓடு கையில் இருந்தாலும் இப்படிச் சொல்லிவிடலாம். பிள்ளைகள் இதை ஒரு போட்டியாகவே ஆடுவார்கள்.

மூன்றாம் படி: வெளிப்பக்கம்

மணலுக்குள் போகும் உயிருக்கு உடல் வடிவம்தான் கருவி. வடிவத்தைப் பார்த்ததும் கேட்க வேண்டியது, இது எவ்வளவு எளிதாக உள்ளே இறங்கும் என்பது.

தமிழ்நாட்டுக் கடற்கரையில் அலை அடிக்கும் மணலிலேயே கிடைப்பது டோனாக்ஸ். நான் பிள்ளைகளுக்கு ஆப்பு மட்டி என்று சொல்லிக்கொடுக்கிறேன், ஏனென்றால் தச்சர் மரம் பிளக்க வைக்கும் ஆப்பு போலவே இருக்கும். இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளம். வழுக்கும் மேற்பரப்பு, பளபளப்பு. ஒரு பக்கம் நீண்டு ஒடுங்கும், மறுபக்கம் சட்டென்று வெட்டியது போல முடியும். இங்கே எல்லோரும் ஒரு முறை தப்பு செய்வோம். நீண்ட பக்கத்தைப் பின்பக்கம் என்று நினைத்துவிடுவோம். கீல் பட்டை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: குட்டையான, வெட்டுப்பட்ட பக்கத்தில். அப்படியென்றால் அதுதான் பின்பக்கம். நீண்டு ஒடுங்கிய முன்பக்கம் முதலில் மணலுக்குள் இறங்குகிறது. வெட்டுப்பட்ட பின்பக்கம் மேலே பார்த்து நிற்கிறது. மரத்தில் ஆப்பு அடித்து இறக்கிய மாதிரி. ஒவ்வோர் அலையும் மேலே இருக்கும் மணலை வாரிக்கொண்டு போகும் இடத்தில் வாழ்வதற்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் எனக்குத் தெரியவில்லை. நிறத்தை வைத்து மட்டும் இனம் பிரிக்காதீர்கள். ஒரே இன டோனாக்ஸில் வெள்ளை, ஊதா, காவி, கதிர் கதிராகக் கோடு போட்டது என்று ஒரு கைப்பிடியிலேயே பத்து விதம் வரும்.

மெரெட்ரிக்ஸ் வேறு மாதிரி. முனை மழுங்கிய முக்கோணம், கனமான ஓடு, வழவழப்பு, மேலே பழுப்போ பச்சை கலந்த பழுப்போ ஆன தோல். கடலும் ஆறும் கலக்கும் கழிமுகத்து மட்டி இது. சமையலுக்கு அள்ளுவதும், சுட்டு வெற்றிலைச் சுண்ணாம்பு ஆக்குவதும் இந்த மாதிரிக் கனத்த ஓட்டு வகைகளைத்தான்.

தாள் போல மெலிந்து, தட்டையாக, இளஞ்சிவப்பாக ஒன்று கிடைத்தால் அது டெல்லினா குடும்பமாக இருக்கலாம். பின் நுனி வலப்பக்கம் லேசாக ஒசிந்திருக்கிறதா என்று விளிம்பைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இந்த மட்டி மணலுக்குள் இடப்பக்கமாகப் படுத்துக்கிடக்கும்; ஒசிந்த நுனி மேலே பார்க்கும். கைவிரல் நீளத்துக்குக் குழாய் போல இருப்பது கத்திச் சிப்பி, சோலென். தடித்த, ஆழமான வரிகள் விசிறி போல ஓடினால் அனடாரா, ரத்த மட்டி. அதன் ரத்தத்தில் நம்முடையது போலவே ஹீமோகுளோபின் உண்டு, திறந்தால் சிவப்பாகவே இருக்கும்.

உச்சியைச் சுற்றி வளையங்கள் இருக்கும். மரத்தின் வளையம் போல வயதை எண்ணிவிடலாம் என்று தோன்றும். குளிர் நாட்டு மட்டிகளில் ஓரளவு முடியும். நம் கரையில் மழைக்கால நன்னீர் வெள்ளம், முட்டையிடும் காலம், புயல் புரட்டிப்போட்ட நாள் என்று எல்லாமே ஒரு கோடு விட்டுப்போகும். அதனால் வளையத்தைப் பாருங்கள், எண்ணி வயது மட்டும் சொல்லாதீர்கள்.

நான்காம் படி: உள்பக்கம்

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. டூத்பிரஷால் உள்ளே கழுவி, காய வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் வைத்து அடியுங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. விளிம்போடு ஒட்டிச் சாய்த்து அடிக்க வேண்டும். அப்படியும் தெரியாவிட்டால் பென்சில் தூளை விரல் நுனியில் தொட்டு மெதுவாகத் தேயுங்கள். பள்ளங்களில் கரி தங்கும், கோடுகள் எழும்பி வரும்.

முதலில் இரண்டு வட்டத் தழும்புகள் தெரியும், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஓடுகளை மூடிப் பிடித்திருந்த தசைகள் ஒட்டியிருந்த இடம் அவை. இரண்டையும் சேர்த்துக்கொண்டு, விளிம்புக்கு இணையாக ஒரு மெல்லிய கோடு வரும். மட்டியின் உடலைப் போர்த்தியிருக்கும் சவ்வு ஓட்டில் ஒட்டியிருந்த கோடு அது. சவ்வுக் கோடு என்று வைத்துக்கொள்வோம்.

இந்தக் கோட்டை முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் நோக்கி விரலால் தொடர்ந்து போங்கள். பின்பக்கத் தழும்புக்குக் கிட்டே வரும்போது என்ன ஆகிறது? சில சிப்பிகளில் நேராகப் போய்த் தழும்பைத் தொடும். சிலவற்றில் சட்டென்று உள்பக்கம் மடங்கி, கடற்கரை வரைபடத்தில் வளைகுடா இருக்குமே, அப்படி ஒரு வளைவு எடுத்துத் திரும்பும். அந்தக் குடாதான் நாம் தேடுவது.

காரணம் இதுதான். மணலுக்குள் புதைந்திருக்கும் மட்டி மேலே வந்து தின்பதில்லை. பின்பக்கத்திலிருந்து இரண்டு குழல்களை மேலே நீட்டுகிறது. ஒன்றில் கடல் நீரை இழுக்கும், இன்னொன்றில் வெளியேற்றும். இழுத்த நீர் செவுள்களின் வழியே போகும்போது மூச்சும் ஆகிறது, நீரில் மிதக்கும் நுண்பாசிகள் செவுளில் வடிபட்டு உணவும் ஆகிறது. மீனோ நண்டோ வந்தால் குழல்களைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். இழுக்கும் தசைகள் ஒட்டுவதற்கும், இழுத்த குழலை மடக்கி வைப்பதற்கும் ஓட்டுக்குள் இடம் வேண்டும். அந்த இடத்துக்காகச் சவ்வுக் கோடு ஒதுங்கி வழிவிடுகிறது. குழல் நீளமானால் குடா ஆழமாகும். குழல் நீளம் என்றால் மட்டி ஆழத்தில் இருக்க முடியும்.

இப்போது கவரில் இருப்பதை வரிசையாகப் பாருங்கள். அனடாராவில் குடாவே இருக்காது, ஏனென்றால் அதற்குக் குழலே கிடையாது. சேற்றின் மேற்பரப்பை ஒட்டியே வாழ்கிறது. மெரெட்ரிக்ஸில் சின்னக் குடா, அதனால் சில சென்டிமீட்டர் ஆழம்தான். நான் சொன்ன அந்தப் பெண் கையில் இருந்தது இதுதான். டோனாக்ஸில் நல்ல வட்டமான குடா. டெல்லினாவில் ஓட்டின் பாதிக்கு மேல் உள்ளே போகும் பெரிய குடா. இரண்டு குழலும் தனித்தனியாக, நீளமாக, நூல் போல இருக்கும். ஒரு குழலை மணலின் மேற்பரப்பில் அங்கும் இங்கும் நீட்டி, படிந்திருக்கும் உணவுத்துகளை உறிஞ்சியெடுக்கும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, அதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் ஏமாந்துபோவோம். கத்திச் சிப்பி ஆழமாகப் போகும் மட்டி, ஆனால் உள்ளே பார்த்தால் குடா சின்னதாகவே இருக்கும். ஏன்? அது தனக்கென்று ஒரு நிலையான பொந்து வைத்திருக்கிறது. தின்ன வேண்டும் என்றால் மொத்த உடலோடு மேலே ஏறி வருகிறது, ஆபத்து என்றால் கிணற்றில் வாளி விட்டது போலக் கீழே இறங்கிவிடுகிறது. நீளமான குழல் அதற்குத் தேவையில்லை. அதனால் குடாவையும் வெளி வடிவத்தையும் சேர்த்துத்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும், ஒன்றை மட்டும் வைத்துச் சொல்லக் கூடாது.

ஐந்தாம் படி: கீலின் பற்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், முதல் நாளே இதில் மூழ்கினால் பிள்ளைகள் சலித்துவிடுவார்கள். உச்சிக்குக் கீழே, உள்பக்கம், சின்னச் சின்ன மேடும் பள்ளமும் இருக்கும். ஓர் ஓட்டின் மேடு மற்றதன் பள்ளத்தில் உட்காரும். மணல் அழுத்தும்போது ஓடுகள் வழுக்கிப் பிரியாமல் காப்பது இவைதான். அனடாராவில் சீப்புப் பல் போல நேர் வரிசையில் நிறைய இருக்கும். மெரெட்ரிக்ஸில் இரண்டு மூன்று தடித்த பற்கள். கீலின் நடுவில் கரண்டி போல ஒரு குழி இருந்தால் அது மாக்ட்ரா. அதன் கீல் நார் வெளியே தெரியாமல் அந்தக் குழிக்குள் இருக்கும்.

ஆறாம் படி: வாளியில் ஒரு கடற்கரை

சேலத்தில் இப்போது கட்டட வேலை நடக்கும் தெருவில் எல்லாம் எம்-சாண்ட் குவிந்து கிடக்கிறது. ஒரு கைப்பிடி எடுங்கள். பழைய வீட்டுப் பக்கம் ஆற்று மணல் கொஞ்சம் கிடைத்தால் அதையும் எடுங்கள். இரண்டையும் லென்ஸில் பார்த்தால் எம்-சாண்டின் துகள் கல் உடைத்த மாதிரி கூர்கூராக இருக்கும், ஆற்று மணல் உருண்டு கூர் மழுங்கியிருக்கும். கடற்கரை மணலும் உருண்டு தேய்ந்ததே. வாளிச் சோதனைக்கு ஆற்று மணல் நல்லது. இல்லாவிட்டால் எம்-சாண்டை நன்றாகக் கழுவி, தூசி போக்கிப் பயன்படுத்துங்கள்.

ஜோடி சேரும் இரண்டு டோனாக்ஸ் ஓட்டுக்குள் களிமண் அடைத்து மூடி, ரப்பர் பேண்ட் போடுங்கள். வாளியில் மணலை நிரப்பி, மேலே ஒரு விரல் உயரம் தண்ணீர் நிற்கும்படி ஊற்றுங்கள். இப்போது சிப்பியை நேராக அழுத்துங்கள். கொஞ்சம் போய் நின்றுவிடும். அழுத்த அழுத்த மணல் கல்லாகும். கடற்கரையில் ஈர மணலில் காலை ஊன்றும்போது பாதத்தைச் சுற்றி மணல் வெளுத்து இறுகுமே, அதே வேலைதான். அடுத்து, சிப்பியை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே, பக்கத்தில் ஒரு ஸ்ட்ராவை வைத்து மெதுவாக நீரைச் செலுத்துங்கள். வெண்ணெயில் கத்தி போல இறங்கும். துகள்களுக்கு நடுவே நீர் புகுந்து மணல் குழம்பாகிவிட்டது.

உயிருள்ள மட்டி இதையே தன் உடலை வைத்துச் செய்கிறது. முதலில் காலை ஊசி போலக் குறுக்கி மணலுக்குள் குத்துகிறது. அந்த நேரம் ஓடுகளைச் சற்றே விரித்து மணலில் முட்டுக்கொடுத்துக்கொள்கிறது, இல்லாவிட்டால் உடல் மேலே தூக்கிக்கொள்ளும். அடுத்து ஓடுகளைப் பட்டென்று மூடுகிறது. உள்ளே இருந்த நீர் வெளியே பீய்ச்சி மணலைக் குழைக்கிறது. அதே அழுத்தத்தில் காலின் நுனிக்கு ரத்தம் ஏறி நங்கூரம் போல வீங்குகிறது. நங்கூரத்தைப் பிடித்துக்கொண்டு, தசைகள் ஓடுகளை ஆட்டி ஆட்டிக் கீழே இழுக்கின்றன. திரும்பவும் முதலிலிருந்து. டோனாக்ஸ் இதைச் சில நொடிகளில் முடித்து மறைந்துவிடும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கத்திச் சிப்பி வகை ஒன்று இப்படி மணலைக் குழைப்பதைப் பார்த்துத்தான் ரோபோகிளாம் என்ற தோண்டும் கருவியைச் செய்தார்கள்.

வரிவரியான அனடாராவையும் இதே வாளியில் இறக்கிப் பாருங்கள். உள்ளே போகவும் அடம், வெளியே வரவும் அடம். இளகிய சேற்றில் நகராமல் நிலைத்திருக்க அந்த வரிகள் உதவுகின்றன. வேகத்தை விட்டுக்கொடுத்து நிலைத்தன்மையை வாங்கிக்கொண்ட மட்டி அது.

ஏழாம் படி: நம் ஊர் ஆறு எங்கே போகிறது

ஏற்காட்டிலிருந்து வரும் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "மலையில் தோண்டினால் சிப்பி கிடைக்குமா?" கிடைக்காது. சேர்வராயன் மலையின் சார்னோகைட் பாறை 250 கோடி ஆண்டுக் கணக்கில் பழசு. இரட்டை ஓட்டு மட்டிகள் உலகில் தோன்றியதே சுமார் 50 கோடி ஆண்டுக்கு முன்தான். அதே மாதிரி, நம் வெள்ளைக்கல் குன்றுகளுக்கு ஆங்கிலேயர்கள் சுண்ணாம்புக் குன்று என்று பொருள்படும் பெயர் வைத்ததால், அது கடல் சிப்பி மட்கி ஆனது என்று சிலர் சொல்வார்கள். அது மேக்னசைட், மக்னீசியம் நிறைந்த பாறை மாறி உண்டானது. சிப்பிக்கும் அதற்கும் உறவில்லை. பாறைக்குள் பழைய மட்டிகளைப் பார்க்க வேண்டுமென்றால் அரியலூர்ப் பக்கம் போக வேண்டும்.

ஆனால் உறவு வேறு வழியில் இருக்கிறது. அருநூற்றுமலை, கல்வராயன் மலைப் பக்கத்து ஓடைகள் சேர்ந்து ஓடும் வசிஷ்ட நதி, பேளூர், ஏத்தாப்பூர், ஆத்தூர், ஆறகளூர் என்று நம் மாவட்டத்தைத் தாண்டி, சுவேத நதியோடு கலந்து வெள்ளாறு ஆகிறது. வெள்ளாறு கடலில் சேரும் இடம் பரங்கிப்பேட்டை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கும் ஊர். மெரெட்ரிக்ஸ் காஸ்டா வாழும் கழிமுகம் அது. மழைவெள்ளத்தில் நம் மலைகளிலிருந்து உருண்டு போன மணலும் அங்கே படிகிறது. ஆத்தூர்ப் பாலத்தைத் தாண்டும்போது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். அப்புறம் கடற்கரை அவர்களுக்கு வேற்றூராகத் தெரியாது.

கடலுக்குப் போகும் முன் ஏரிக்கரையில் ஒரு பயிற்சி எடுக்கலாம். ஏரியில் நீர் வடியும் காலத்தில் ஓரத்துச் சேற்றில் உழுத கோடு போல ஒரு தடம் தெரியும். தடம் முடியும் இடத்தில் ஏரி மட்டி பாதி புதைந்து நிற்கும். காலால் நகர்வதும், பின்பக்கம் மேலே தெரிவதும் கடல் மட்டி மாதிரியேதான். குஞ்சு வளர்வதில்தான் பெரிய வித்தியாசம். ஏரி மட்டியின் குஞ்சுகள் மீனின் செவுளிலோ துடுப்பிலோ கொஞ்ச நாள் ஒட்டிக்கொண்டு வளரும். மணலில் வாழும் கடல் மட்டிகளில் பெரும்பாலானவை முட்டையையும் விந்தையும் நீரில் விட்டுவிடும். குஞ்சு நீரோட்டத்தில் மிதந்து திரிந்து, அப்புறம்தான் தனக்கான மணலைத் தேடி இறங்கும்.

எட்டாம் படி: கடற்கரையில்

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாளாகப் பாருங்கள். ஏற்றவற்றம் அப்போதுதான் அதிகம். நம் கரையில் அதுவே ஒரு மீட்டரை ஒட்டித்தான் இருக்கும், அதனால் வற்றும்போது வெளித்தெரியும் மணல் பட்டை குறுகலானது. வற்றம் எப்போது என்று முந்தின நாள் உள்ளூர் மீனவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் குழந்தைகளோடு போகாதீர்கள். கடலூர் தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டைக்கு வடக்கே சாமியார்பேட்டை போன்ற திறந்த மணற்கரைகள் பார்ப்பதற்கு வசதி. பிள்ளைகளின் கையை விடாதீர்கள், முழங்காலுக்கு மேல் நீரில் இறங்க விடாதீர்கள்.

அலை ஏறி வந்து திரும்பும் சரிவில் குனிந்து நில்லுங்கள். நீர் பின்வாங்கும்போது மணலின் மேல் சின்னச் சின்ன 'வி' வடிவ நெளிவுகள் ஓடுகிறதா? நெளிவின் கூரில் ஒரு டோனாக்ஸின் வெட்டுப்பட்ட நுனி நீட்டிக்கொண்டிருக்கலாம். உள்ளங்கையால் மூன்று நான்கு சென்டிமீட்டர் அள்ளி, ஈர மணலில் மெதுவாகப் படுக்க வைத்துப் பாருங்கள். வெள்ளைக் கால் நீளும், தேடும், குத்தும். ஒரு குலுங்கல், எழுந்து நிற்கும். இன்னொரு குலுங்கல், பாதி காணாமல் போகும். டோனாக்ஸின் சில இனங்கள் ஏற்றத்தின்போது மணலிலிருந்து வெளியே குதித்து அலையோடு மேலேறும், வற்றத்தில் அலையோடு கீழிறங்கும். எப்போதும் நுரை புரளும் இடத்திலேயே இருக்கும். அவ்வளவு மணல் கலங்கும் இடத்தில் எப்படி உண்கிறது என்றால், நீர் இழுக்கும் குழலின் வாயில் கிளைகிளையான சிறு இழைகள் சல்லடை போல அமைந்து மணலைத் தடுக்கின்றன.

கழிமுகத்துப் பக்கம் போனால் மணல் மாறும். மேலே சாம்பல், இரண்டு அங்குலம் தோண்டினால் கருப்பு, அழுகிய முட்டை வாடை. ஆக்சிஜன் எட்டாத அடுக்கு அது. அங்கே வாழும் மட்டி மேலே இருக்கும் நல்ல நீரைக் குழல் வழியே இழுத்துத்தான் பிழைக்கிறது. மழைக்காலத்தில் அந்த நீர் ஏறத்தாழ நன்னீராகிவிடும், கோடையில் உப்பேறும். மெரெட்ரிக்ஸ் காஸ்டா இரண்டையும் தாங்கும். தாங்க முடியாத நாளில் ஓடுகளை இறுக மூடிக்கொண்டு காத்திருக்கும். கனத்த ஓடும் இறுக்கமான பற்களும் அப்போது உதவும்.

ஒன்றை மறக்காதீர்கள்: கரையில் சிப்பி கிடக்கும் இடமும் மட்டி வாழ்ந்த இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. டெல்லினா, மாக்ட்ரா போன்றவை பெரும்பாலும் அலைக்கு அப்பால், நீருக்கடியில் உள்ள மணலில் வாழ்ந்து, செத்த பின் அலையால் வந்து சேர்பவை. ஜோடி பிரியாமல், பளபளப்பு குறையாமல் இருந்தால் கிட்டத்தில் வாழ்ந்தது. விளிம்பு தேய்ந்து, சாக்குக்கட்டி போல வெளுத்திருந்தால் நெடுநாள் உருண்டது.

உயிருள்ளதை எடுத்து வராதீர்கள். இதை நான் வருத்தத்தோடு சொல்கிறேன். ஒரு முறை மொட்டைமாடிப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசையில் இருபது மட்டிகளைக் கடல் நீரோடு பாட்டிலில் போட்டுக் கொண்டுவந்தேன். பஸ் ஆத்தூர் வருவதற்குள் நீர் கலங்கிவிட்டது, வீடு சேர்ந்தபோது எல்லாம் வாய் பிளந்திருந்தன. அன்றைக்குப் பிள்ளைகளுக்குக் காட்ட என்னிடம் எதுவும் இல்லை. ராமேஸ்வரம் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு வார்த்தை: 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் தீவுகளிலிருந்து காலிச் சிப்பிகூட எடுக்க வேண்டாம். ராட்சத மட்டி போன்றவை வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளன.

ஒன்பதாம் படி: துளை சொல்லும் கதை

சிப்பியின் உச்சிக்கருகே சுத்தமான ஒரு வட்டத் துளை இருந்தால் பிள்ளைகள் உடனே நூல் கோத்து மாலை செய்துவிடுவார்கள். கோப்பதற்கு முன் லென்ஸில் பாருங்கள். வெளிப்பக்கம் அகன்று, உள்பக்கம் குறுகி, புனல் மாதிரி சாய்ந்திருக்கிறதா? நிலா நத்தை போட்ட துளை. முதல் படியில் ஒதுக்கி வைத்த நத்தைகளில், உருண்டையாக, வழவழப்பாக ஒன்று இருந்தால் பெரும்பாலும் அதுதான். அதுவும் மணலுக்குள்ளேயே வாழ்கிறது. மட்டியைத் தேடிப் பிடித்து, பெரிய காலால் போர்த்திக்கொண்டு, அமிலச் சுரப்பால் இளக்கியும் அரம் போன்ற நாக்கால் சுரண்டியும் மணிக்கணக்கில் துளைக்கும். அப்புறம் உள்ளே இருப்பதைத் தின்றுவிடும். சாய்வில்லாமல் நேராக இறங்கும் துளை வேறு நத்தையின் வேலையாக இருக்கலாம். விளிம்பு பல் பல்லாக உடைந்திருந்தால் நண்டைச் சந்தேகப்படுங்கள்.

பத்தாம் படி: கழுவி, எழுதி, வையுங்கள்

நல்ல தண்ணீரில் ஓர் இரவு ஊற வைத்தால் உப்பு இறங்கிவிடும். நிழலில் காய வையுங்கள். எலுமிச்சைச் சாறும் வினிகரும் வேண்டாம். சிப்பி முழுக்கக் கால்சியம் கார்பனேட், புளிப்பு பட்டால் குமிழி விட்டுக் கரையும். நாம் படிக்க வேண்டிய கோடுகள்தான் முதலில் போகும். அதைக் காட்டியே ஆக வேண்டும் என்றால் உடைந்த துண்டு ஒன்றில் காட்டுங்கள்.

தீப்பெட்டியோ இனிப்பு டப்பாவோ போதும், ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு இருக்க வேண்டும். எந்த ஊர், எந்தத் தேதி, கரையில் எந்த இடம், மணல் எப்படி இருந்தது, ஜோடியா ஒற்றையா. பெயர் தெரியாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள், பின்னால் எழுதலாம். இடத்தைப் பின்னால் எழுத முடியாது. எங்கள் டப்பா ஒன்றில் ஒரு பையன் எழுதி வைத்த சீட்டு இப்படி இருக்கிறது: "சாமியார்பேட்டை. மாசி அமாவாசைக்கு மறுநாள் காலை. அலை திரும்பும் சரிவு. நைஸ் மணல், நடுவில் கருப்புக் கோடு. ஜோடி. குடா இருக்கு. துளை இல்லை. வெட்டின பக்கம் மேலே."